என்ற பாதி சரிதானுங்க

ஏனுங்ண்ணா, பைய மேல வெக்க வேண்டாம்னு சொன்னதுக்குக் கோவிச்சுக்காதீங்க. மேல வெச்சா இந்த டிரைவர் ஓட்டற ஓட்டுக்கு உளுந்துரும். மடியிலயே இருக்கட்டும். உள்ள லேப்டாப்பு இருக்குதுங்க. நீங்க எறங்கறது காங்கயந்தானே? நானும் காங்கயந்தான். ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க, நான் ஒரு எடத்துல நெலையா உக்காரமாட்டேன். எந்திரிப்பேன், உக்காருவேன். ஒரு வாரமா இப்பிடித்தான் இருக்குது.

நீங்க பேசறதப் பாத்தா மதுரைப் பக்கமாட்டம் இருக்குது. எண்ணெய் மில்லு சோலியா? ம். நான் என்ற சம்சாரத்தைக் கூட்டிட்டு வரப் போறேன். மச்சினன் ஊட்டுல இருக்கறா. பொண்டாட்டியக் கூப்பிட லேப்டாப் எதுக்குன்னு பாக்கறீங்க. பாக்காதீங்க, எல்லாரும் அப்பிடித்தான் பாக்கறாங்க. டிக்கெட் எடுக்கறப்ப கண்டக்டரும் பாத்தாரு.

நீங்க பாஸ்வேர்டு மறந்திருக்கீங்களா? மறந்திருப்பீங்க. என்ற பொழப்பே அதுதானுங்க. கோபில தாலுகா ஆபீசுக்கு எதுத்தாப்பல சிகாமணி ஜெராக்ஸுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. ஜெராக்ஸு, பான் கார்டு, பட்டா, பிஎஃப் பணம் எடுக்கறது, எல்லாம் பண்ணிக் குடுக்கறேன். வர்றவங்க பத்துப் பேர்ல ஆறு பேருக்குப் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது. நல்லாத் திட்டுவேன். “சோறு திங்க மறக்கறீங்களா? இத மட்டும் எப்பிடி மறக்கறீங்க?”ன்னு கேப்பேன். வயசானவங்களையும் கேப்பேன். தலையச் சொறிஞ்சுட்டு நிப்பாங்க. நான் மறக்கற ஆள் இல்லீங்க. பத்தாவது பரிச்சையில என்ற நெம்பரு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். அதனால மொதல்லயே சொல்லிப்போடறேன், தப்பு என்ற பக்கம் இல்லீங்க. என்ற பாதி சரிதானுங்க.

பாதின்னா என்னன்னு சொல்றேன்.

பதினாலு வருசம் முன்னாடி, இப்ப ஜெராக்ஸு கடை இருக்கற அதே எடத்துல பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தேன். பத்து மிஷினு. அப்பத்தான் கல்யாணமாகி எட்டு மாசம். என்ற சம்சாரம் கலாமணி. அவளோட தம்பி சபாபதி, கம்ப்யூட்டர் டிப்ளமா முடிச்சுப்போட்டு வேலையில்லாம இருந்தான். கூட வந்து இருடான்னு கூப்பிட்டேன். நாந்தான் கூப்பிட்டேன், அத ஞாபகம் வெச்சுக்கோங்க. பயன் கெட்டிக்காரன். கேம் வெளையாட நாலு பெரிய மிஷின் வாங்கிப் போட்டிருந்தோம், கிராக்கி இல்லாத நேரம் அதுல ஏதோ ஓட விட்டான். கேட்டா, “பிட்காயின் மச்சான், மிஷின் கணக்குப் போட்டுக் குடுத்தா காயின் குடுப்பாங்க”ன்னான். யாரு குடுப்பாங்கன்னேன். “யாருமில்ல மச்சான், அதுவாக் குடுக்கும்”ன்னான். எனக்குச் சிரிப்பு. கரண்ட் பில்லு வந்தப்பதான் சிரிப்பு நின்னுச்சு.

நாலஞ்சு மாசத்துல பதினொரு காயின் சேந்துது. அப்ப அதுக்கு ஒரு மதிப்பும் இல்லீங்க. இன்னிக்கு ஒண்ணோட வெலை என்னன்னு சொன்னா நீங்க சீட்ட விட்டு எந்திரிச்சிருவீங்க. அதனால சொல்லல. அதையெல்லாம் வாலட்டுல போட்டு வெக்கணும். வாலட்டுன்னா பர்ஸு இல்லீங்க, கம்ப்யூட்டர்ல ஒரு பைலு. அதுக்கொரு பாஸ்வேர்டு. பேங்க்காரன் குடுக்கற மாதிரி இல்ல. மறந்தா புதுசு குடுக்க ஆபீசு இல்ல, ஆளு இல்ல, ஓடிபி இல்ல. நாமளே வெச்சு நாமளே தொறக்கணும்.

இப்ப பாருங்க, மிஷின் என்னுது, கரண்ட் என்னுது, மூளை அவனுது. பாஸ்வேர்டு யாரு வெக்கறது? நான் வெச்சா அவனுக்குச் சந்தேகம் வரும். அவன் வெச்சா எனக்குச் சந்தேகம் வரும். பேங்க் லாக்கருக்கு ரெண்டு சாவி இருக்குதில்லீங்களா, ஒண்ணு அவங்ககிட்ட, ஒண்ணு நம்மகிட்ட? அந்த மாதிரி நாந்தான் யோசனை சொன்னேன். மொதப் பாதிய நான் அடிச்சேன், அவன் செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டான். அப்பறம் அவன் அடிச்சான், நான் திரும்பிக்கிட்டேன். எங்கயும் எழுதக்கூடாது, ஒருத்தருக்கொருத்தர் சொல்லக்கூடாது, தொறக்கறதுன்னா ரெண்டு பேரும் சேந்து உக்காந்து தொறக்கணும். கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணாத கொறதான். மச்சினனும் மச்சானும் பங்குச் சண்டை போடாம இருக்க அதவிட நல்ல வழி இருக்குதுங்களா, நீங்களே சொல்லுங்க.

அப்பறம் எல்லாரு கையிலயும் போன் வந்துருச்சு, பிரவுசிங் சென்டருக்கு ஈயாடுச்சு. மூடுனோம். அவன் காங்கயத்துல ஒரு அரிசி ஆலையில கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிட்டான். அந்த பைல மட்டும் நான் பத்திரமா எடுத்து வெச்சேன், ரெண்டு காப்பி. பாத்தீங்களா, பொறுப்பு யாருக்குன்னு? அவன் அதையே மறந்துட்டான்.

ஏழு வருசம் முன்னாடி ஒரு நா டீக்கடையில பேப்பர் பாத்தேன். பிட்காயின் வெலை போட்டிருந்தான். டீய வெச்சுட்டு எந்திரிச்சேன், திரும்பி வந்து குடிக்கவே இல்ல. நேரா அவனுக்குப் போன். “மாப்பிள, உன்ற பாதியச் சொல்லு.” அவன் என்ன சொல்றான், “நேர்ல வர்றேன் மச்சான், சேந்து தொறக்கலாம்”ங்கறான். எப்ப வர்றேன்னேன். அவனுக்கு அப்பக் கல்யாணம் வெச்சிருந்தாங்க, இன்னும் பதினெட்டு நாளு. பத்திரிகை குடுக்கணும், பந்தக்காரனப் பாக்கணும், “கல்யாணம் முடியட்டும் மச்சான், மறுநாளே வர்றேன்”ங்கறான். பதினெட்டு நாளு! வெலை தெனம் ஏறுது எறங்குது. போன்ல சொன்னா ஒரு நிமிசம். ஏன் சொல்லமாட்டேங்கறான்? நீங்க என்ன நெனப்பீங்க? நான் தப்பா நெனச்சதுல என்னங்க தப்பு?

ஆமாங்க, சொல்லக்கூடாதுன்னு ஒப்பந்தம் இருந்துது. நாந்தான் போட்டேன். அதுக்கின்னு?

சரி, அடுத்தது சொல்றேன். இதச் சொன்னா எல்லாரும் எம்மேல பாய்வாங்க, நீங்களாச்சும் முழுசாக் கேளுங்க. எங்க பக்கம் கல்யாணத்துல இணைச்சீருன்னு ஒண்ணு இருக்குதுங்க. மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவ செய்யற சீரு. அக்காவோ தங்கச்சியோ, சிங்காரிச்சு, தலையில பேழைமூடின்னு ஒரு மூங்கில் கூடைய வெச்சு எடுத்துட்டு வந்து, தம்பிக்குப் பக்கத்துல நின்னு செய்யணும். நாளைக்கு இவனுக்குப் பொண்டாட்டி வந்தாலும் கூடப் பொறந்தவ உரிமை போகாதுன்னு அதுக்கு அர்த்தம். கலாமணி ஒருத்திதான் அவனுக்குக் கூடப் பொறந்தவ. தாயில்லாப் பயன் வேற, இவதான் குளிப்பாட்டி வளத்தது. கல்யாணம் பேசுன நாள்ல இருந்து இவளுக்குக் கால் தரையில இல்ல. ஊதாக் கலர்ல பட்டுச் சேலை, அதுக்கு ரவிக்கை ரெண்டு தடவை பிரிச்சுத் தெச்சா.

நான் அவனுக்குப் போன் போட்டேன். “கல்யாணத்துக்கு முன்னாடி பாதியச் சொல்லு”ன்னேன். “மறுநாளே வர்றேன் மச்சான்”ன்னான். “அப்ப உங்கக்காளும் மறுநாளே வருவா”ன்னேன்.

சும்மா மெரட்டுனதுதானுங்க. சொல்லிருவான்னு நெனச்சேன். அக்கா மேல உசுரா இருக்கறவன், ஒரு எட்டெழுத்து, பத்தெழுத்து, அதச் சொல்லமாட்டானான்னு. அவன், “அக்காவக் காயினோட சேத்துப் பேசாதீங்க மச்சான்”ன்னான். வெச்சுட்டான். எனக்குப் பாருங்க, அந்தப் பேச்சு சுர்ருன்னு ஏறிருச்சு. யாரு சேத்துப் பேசுனா? நான் பாஸ்வேர்டப் பத்தி மட்டுந்தானே பேசுனேன்?

அனுப்பல. ஆமாங்க, அனுப்பல. சித்தப்பன் பொண்ணு ஒருத்திய நிக்க வெச்சு இணைச்சீரு செஞ்சாங்களாம். கலாமணி ஒரு சண்டை போடல. அதத்தான் நான் எல்லாருகிட்டயும் சொல்றது, அவளுக்கும் எம்பக்கம் நாயம் இருக்கறது தெரிஞ்சுதான் பேசாம இருந்தா. கல்யாணத்தன்னிக்குக் காலம்பற வழக்கம்போல எந்திரிச்சு இட்லி ஊத்துனா. அடுப்பங்கரையில போன நட்டு வெச்சு, யாரோ அனுப்புன வீடியோ பாத்துட்டிருந்தா. நான் உள்ள போனதும் போனக் கவுத்தி வெச்சுட்டா. இட்லி வெந்துதா, பாத்தேனா, எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்ல. சாப்ட்டுட்டுக் கடைக்குப் போயிட்டேன்.

அரச்சலூரா இது? பத்து நிமிசம் நிப்பாட்டுவான். டீ குடிக்கறீங்களா? வேண்டாமா. நானும் எறங்கல, பைய வெச்சுட்டுப் போகமுடியாது.

ஏழு வருசம் பேச்சுவார்த்தை இல்ல. அவனும் வர்ல, நானும் போகல. அவளும் போகல. போகாதன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லீங்க. சத்தியமாச் சொன்னதில்ல. அவளாத்தான் கேக்கல.

நானாத் தொறந்து பாக்கலாம்னு இருந்தேன். கோயமுத்தூர்ல ஒரு பொண்ணு இருக்குது, பர்வீன்னு பேரு, கெட்டுப்போன ஹார்டு டிஸ்க்குல இருந்து போட்டோவெல்லாம் எடுத்துக் குடுக்கற கடை வெச்சிருக்குது. இந்த மாதிரி வாலட்டும் தொறந்து குடுக்குமாம். போனேன். சின்னப் பொண்ணு, ஆனா வேலை சுத்தம். பைலப் பாத்துப்போட்டு, “காயின் எல்லாம் அப்பிடியே இருக்குது சார், ஒண்ணுகூட நகரல”ன்னுச்சு. அத யாரு வேணா பாக்கலாமாம், எடுக்கத்தான் முடியாதாம். கண்ணாடிப் பொட்டிக்குள்ள லட்டு வெச்ச கணக்கா. எனக்குப் போன உசுரு வந்துருச்சு.

அந்தப் பொண்ணு சொல்லுச்சு, “பாதி தெரிஞ்சாப் போதும் சார், மீதிய மிஷினு மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கும்.” என்ற பாதியக் குடுத்தேன். அவன் பாதிக்கு அவன் பேரு, பொறந்த தேதி, சாமி பேரு, பட்டப்பேரு, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எழுதிக் குடுத்தேன். மிஷினு நாப்பது நாள் ஓடுச்சு. ஒண்ணும் இல்ல. போனேன். “சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க பாதி சரிதானா?”ன்னுச்சு.

எப்பிடி இருக்கும் பாருங்க எனக்கு! “பாப்பா, நான் தெனம் நூறு பேரு பாஸ்வேர்டப் பாக்கறவன்”ன்னேன். “இல்ல சார், அந்த நாள்ல உங்ககூட இருந்தவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க. அப்ப உங்களுக்கு என்ன புடிக்கும், எதப் பத்திப் பேசுவீங்கன்னு. சில பேருக்கு அப்பிடித்தான் ஞாபகம் வந்திருக்குது”ன்னுச்சு. கூட இருந்தது யாரு? கலாமணிதான். அவளுக்கு மௌஸு புடிக்கத் தெரியாது, அவளைக் கேட்டு என்ன பண்றது? “அவன் பாதி ரொம்பப் பெருசா இருக்கும், அதான் கெடைக்கல”ன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் அவனத்தான் திட்டுனேன். திருட்டுப்பயன், எம்மேல எவ்வளவு சந்தேகம் இருந்தா இவ்வளவு நீளமா வெச்சிருப்பான்னு.

இந்தத் தீவாளி முடிஞ்சு வெலை மறுபடி ஏறுச்சு. இருப்புக் கொள்ளல. எங்க பயனும் நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல படிக்கறான், ஊட்டுல நாங்க ரெண்டே பேரு. ஒரு நா சாப்பிடறப்ப கலாமணிகிட்டச் சொன்னேன், “நீ போய் உந்தம்பியக் கேட்டுட்டு வா.” கரண்டிய அப்பிடியே வெச்சா. “போகட்டுங்களா?”ன்னா. “அதான் சொல்றேனல்ல”ன்னேன். “நெசமாப் போகட்டுங்களா?”ன்னு இன்னொருக்காக் கேட்டா. கை கழுவக்கூட இல்ல, பரண்ல ஏறிப் பைய எடுத்துட்டா. ரெண்டு பை. கேக்கப் போறவளுக்கு ரெண்டு பை எதுக்குன்னு அப்ப நான் யோசிக்கல. பஸ் ஏத்தி உட்டுட்டு, “போன ஒடனே கேளு, சோறு திங்கறதுக்கு முன்னாடி கேளு”ன்னு சொல்லி அனுப்புனேன்.

சொன்ன மாதிரியே போன ஒடனே போன் பண்ணுனா. தம்பி சொல்லிட்டானுங்கன்னா. ஒரு பேச்சுப் பேசலையாம். ஏழு வருசம் கழிச்சு வாசல்ல அக்காளப் பாத்துட்டு உள்ளயும் போகமுடியாம வெளியவும் வரமுடியாம நின்னானாம். பொறகு இவ கேட்டதும் சொல்லிட்டானாம். என்னன்னு நெனக்கறீங்க? காலேஜ் பரிச்சை நெம்பரு. வெறும் பத்து நெம்பரு! நான் என்ற பாதிய அடிச்சு, அதையும் அடிச்சேன்.

தொறக்கல.

மறுபடி அடிச்சேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவுல இடம் உட்டு, உடாம. அன்னிக்குக் கடை தொறக்கல, வெளிய ஆளுங்க வந்து சட்டரைத் தட்டறாங்க, நான் உள்ள உக்காந்து அடிச்சுட்டே இருக்கறேன். கலாமணிக்குப் போன் பண்ணி, “உந்தம்பி பொய் சொல்றான்”ன்னேன். “இல்லீங்க”ன்னா. “பொய் சொல்றான்டி”ன்னு கத்துனேன். “அவன் பொய் சொல்லமாட்டானுங்க”ன்னா. இத்தனை வருசத்துல என்னைய எதுத்து அவ சொன்ன மொதப் பேச்சு அதுதானுங்க.

பர்வீனுக்கும் போன் பண்ணுனேன். “வெறும் பத்து நெம்பர்தானா? அப்ப உங்க பாதி சரியா இருந்திருந்தா அன்னிக்கே கெடைச்சிருக்கும் சார்”ன்னுச்சு. லைனக் கட் பண்ணிட்டேன்.

மறுநாள் சபாபதியே வந்துட்டான். காங்கயத்துல இருந்து பைக்குல, நல்ல மழை. தொப்பரையா நனைஞ்சு வாசல்ல நிக்கறான். மயிரெல்லாம் நரைச்சுப் போச்சு அவனுக்கு, எனக்குப் பாத்ததும் ஒரு மாதிரி ஆயிருச்சு. துண்டு குடுத்தேன். குடுத்தேனுங்க, அதையும் சொல்லணுமில்ல. தலையத் தொவட்டிட்டு உக்காந்தான். “நீங்க மொதல்ல அடிங்க மச்சான்”ன்னு பழைய மாதிரியே செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டான். நான் அடிச்சேன். அவன் திரும்பி, கீபோர்டக்கூடப் பாக்காம படபடன்னு அடிச்சான். நான் திரும்பல, பாத்துட்டேதான் இருந்தேன். கலாமணி சொன்ன அதே நெம்பரு. தொறக்கல. ரெண்டாந்தடவை, மூணாந்தடவை. நாலாந்தடவை அவன் கைய எடுத்துட்டான். “நிதானமா யோசிங்க மச்சான். உங்க பாதியக் கொஞ்சம்...”ன்னான்.

நான் என்ன பேசுனேன்னு உங்களுக்கு வேண்டாம். பேசக்கூடாததெல்லாம் பேசுனேன். அவன் எல்லாத்தையும் கேட்டுட்டு எந்திரிச்சான். “எனக்கு அதுல ஒண்ணும் வேண்டாம் மச்சான். தொறந்தா முழுசும் நீங்களே வெச்சுக்கோங்க. அக்கா கொஞ்ச நாள் எங்க ஊட்டுல இருக்கட்டும்”ன்னான். காப்பி வெக்க ஊட்டுல ஆளில்ல. அந்த மழையிலயே போயிட்டான்.

கொஞ்ச நாளுன்னா எத்தன நாளுங்க? இன்னிக்கோட ஒம்பது நாளு.

முந்தாநாள் அவளே போன் பண்ணுனா. “உங்க பாதி என்னங்க?”ன்னு கேட்டா. பதினாலு வருசமா ஒருத்தருகிட்டயும் சொல்லாதது. அந்தப் பர்வீன் பொண்ணுகிட்டகூடச் சீட்டுல எழுதிக் குடுத்து, வாங்கிக் கிழிச்சுப் போட்டேன். ஆனா அன்னிக்குச் சொன்னேன். ஏன்னா என்ற பாதி சரின்னு நிரூபிக்கணுமில்ல? “என்ற மொத வண்டி நெம்பரு. கருப்பு பைக்கு. போதுமா?”ன்னேன்.

அவ மெதுவா, “ஏனுங்க, அந்த வண்டி நாம கடை வெச்சதுக்கு அடுத்த வருசம் வாங்குனதுங்க”ங்கறா. “பயன் அப்ப என்ற வயித்துல இருந்தான். பஸ்ஸுல தூக்கிப்போடுது, ஆஸ்பத்திரி போக ஆகாதுன்னு சொல்லி வாங்குனீங்க. அந்தக் காயினு பாஸ்வேர்டு போட்டப்ப உங்ககிட்ட வண்டியே இல்லீங்க. மாமனாரோட சைக்கிள்லதான் கடைக்குப் போவீங்க.”

ஒளறாதன்னேன். வெச்சுட்டேன். பீரோவுல ஆர்.சி. புக்கு இருந்துது. தேடி எடுத்துப் பாத்தேன்.

அவ சொன்னதுதானுங்க சரி. பாஸ்வேர்டு வெச்சுப் பத்து மாசம் பின்னாடி வாங்குன வண்டி.

இத உங்ககிட்டத்தான் மொதல்லச் சொல்றேன். பஸ் ஏறுனப்ப என்ற பாதி சரின்னு சொன்னேன். பழக்க தோசம், வாயில வந்துருச்சு. வெச்சுக்கோங்க, சரியில்ல. ஏழு வருசமா சரியில்லாதத வெச்சுட்டு நான்... ஆமா. எனக்கு என்ன பயமுன்னா, இது மறந்தது மாதிரியே இல்லீங்க. கடைக்கு வர்றவங்க தலையச் சொறியறாங்களே, அது மறதி. எனக்கு அந்த வண்டி நெம்பர அடிச்சது அப்பிடியே கண்ணுக்குள்ள நிக்குது. வெரல் எந்த எந்தக் கட்டைக்குப் போச்சுன்னுகூடத் தெரியுது. நடக்கவே இல்லாத ஒண்ணு. அப்ப நெசமா நடந்தது எங்க போச்சு?

நேத்து நானாப் போன் பண்ணுனேன். அந்தப் பர்வீன் சொன்ன மாதிரி கேட்டேன். “அப்ப நான் எப்பிடி இருந்தேன்? எனக்கு என்ன புடிக்கும்? எதுனா ஒரு பேரு, ஒரு நெம்பரு, ஞாபகம் இருந்தாச் சொல்லு.” நோட்டு பேனா எடுத்துட்டு உக்காந்தேன். இந்தா பாருங்க, இந்த நோட்டுதான்.

அவ என்ன சொன்னான்னா, மத்தியானம் சோறு கொண்டுட்டு வருவாளாம். ஆறாம் நெம்பர் மிஷின்ல அவளை உக்கார வெச்சு நாந்தான் டைப்படிக்கச் சொல்லிக் குடுத்தேனாம். அவளுக்கு ஒரு மெயில் ஐடி போட்டுக் குடுத்தேனாம். அப்பறம் நான் ஒண்ணாம் நெம்பர்ல உக்காந்துட்டு, அவ ஆறாம் நெம்பர்ல இருக்க, ஒரே ரூமுக்குள்ள, அவளுக்குத் தெனம் ஒரு மெயிலு போடுவேனாம். “கொழம்புல உப்பில்ல, இருந்தாலும் முழுசாத் தின்னுட்டேன்.” “மஞ்சச் சேலைய நாளைக்கும் கட்டு.” இப்பிடியெல்லாமாம். அவ ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி, கால் மணி நேரம் ஆக்கி, “சரிங்க”ன்னு ஒரு பதில் போடுவாளாம். நான் எந்திரிச்சு நின்னு கை தட்டுவேனாம். கடையில இருக்கறவங்கெல்லாம் திரும்பிப் பாப்பாங்களாம்.

நானுங்க! கை தட்டுனேனாம்!

எனக்கு ஒண்ணுகூட ஞாபகம் வர்லீங்க. உப்பு, மஞ்ச, சேலை, ஆறு, சரிங்கன்னு எல்லாத்தையும் எழுதி, தமிழ்ல, இங்கிலீசுல, எல்லா வகையிலயும் போட்டுப் பாத்துட்டேன். தொறக்கல. அந்த மெயிலையாச்சும் பாக்கலாம்னா, ரொம்ப வருசம் தொறக்காததால ஐடியவே அழிச்சுப் போட்டாங்க. மறுபடி அவளுக்குப் போன் போட்டு, “இதெல்லாம் ஆகல, வேற சொல்லு”ன்னேன். “வேற இல்லீங்க”ன்னா. “சரி, கெளம்பி வா, நேர்ல உக்காந்து யோசிக்கலாம்”ன்னேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுங்களா?

“அந்த மெயிலு போட்டவிய வந்து கூப்ட்டா வர்றேனுங்க.”

அவ்வளவுதான். வெச்சுட்டா. எவிய? எந்த ஆளு? நாந்தானே போட்டது? நாந்தானே போட்டேன்னு அவதானே சொன்னா? அப்ப நான் போய்க் கூப்பிட்டாப் பத்தாதா? காலையில இருந்து இதே ஓடிட்டிருக்குது. ஈரோட்டுல பஸ் மாறறப்ப ஒரு பஸ்ஸ உட்டுட்டேன், நின்னு யோசிச்சுட்டே.

லேப்டாப்ப எதுக்குத் தூக்கிட்டு வந்தேன்னு எனக்கே இப்பத் தெரியல. அவளைப் பக்கத்துல உக்கார வெச்சா ஞாபகம் வரும்னு ஒரு நெனப்பு. இத மடியில வெச்சுட்டு நான் அந்த வாசல்ல போய் நின்னா, அவ மூஞ்சியப் பாப்பாளா, இதப் பாப்பாளா? இந்தப் பைய நீங்க கொஞ்சம் புடிங்க. ஒரு நிமிசம். எனக்குக் கை மரத்துப் போச்சு.

காங்கயம் வந்துருச்சாட்டம். அந்த மில்லு தெரியுது பாருங்க, அங்கிருந்து அஞ்சு நிமிசம். ஸ்டேண்டுல எறங்கி நடந்தா மச்சினன் ஊடு. கதவத் தட்டணும். தட்டுனா அவதான் வந்து தொறப்பா, சபாபதி இந்நேரம் மில்லுல இருப்பான். தொறந்தா மொதல்ல என்ன சொல்றது? “பையெல்லாம் எடுத்து வெச்சுட்டியா”ன்னு கேக்கலாம்னு நெனச்சேன். அது சரியா வராது. “பயன் போன் பண்ணுனானா”ன்னு கேக்கலாம். அதுவும் ஆகாது, அவன் தெனம் அவளுக்குத்தானே பண்றான். “சாப்ட்டியா”ன்னு கேட்டா என்னைய ஒரு மாதிரிப் பாப்பா, அதெல்லாம் நான் கேக்கறதில்லீங்க. எத்தனையோ போட்டுப் பாத்துட்டேன் மனசுக்குள்ள, ஒண்ணும் ஒத்து வரல. உங்களுக்கும் கல்யாணம் ஆயிருக்கும், பேரன் பேத்தி எடுத்திருப்பீங்க. நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க, மொத வார்த்தை?

என்னங்க?

சத்தமாச் சொல்லுங்க, ஹார்ன் அடிக்கறான்.

“மன்னிச்சுக்கோ”வா?

அத நான் இதுவரைக்கும் போட்டுப் பாத்ததில்லீங்க.